எப்பிஸ்கோப்பல் சபையில் கூடி வாழ்வதும் ஊழியம் செய்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமச் சபையில் வளர்ந்தவள். அமெரிக்காவுக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. வந்த இரண்டாம் ஆண்டிலிருந்து கிழக்குக் கரையில் ஒரு எப்பிஸ்கோப்பல் சபையில் குடும்பமாக இருக்கிறோம். ஞாயிறு காலையில் நூறு பேர் வந்தால் நிறைந்துவிடும் சின்னக் கோயில். அங்கே பீடத் துணி துவைத்திருக்கிறேன், வேதபாடம் வாசித்திருக்கிறேன், மூன்று ஆண்டு வெஸ்ட்ரி என்ற நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன், கணக்கில்லாத காபிக் கோப்பைகளைக் கழுவியிருக்கிறேன். சென்னையிலிருந்தும் நாசரேத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் புதிதாக வருகிற குடும்பங்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை.

எப்பிஸ்கோப்பல் சபை என்பது எது? நம் தென்னிந்தியத் திருச்சபையோடு (சிஎஸ்ஐ) அதற்கு உறவு உண்டா?

உண்டு, நெருங்கிய உறவு. இங்கிலாந்துத் திருச்சபை வழியில் வந்த சபைகள் உலகமெங்கும் ஆங்கிலிக்கன் ஐக்கியமாக இருக்கின்றன. அந்தக் குடும்பத்தின் அமெரிக்கக் கிளைதான் எப்பிஸ்கோப்பல் சபை. பேராயர்களை உடைய சபை என்பது அந்தப் பெயரின் பொருள். அமெரிக்கா விடுதலை பெற்ற பிறகு, இங்கிலாந்தில் பேராயராக அபிஷேகம் பெற வேண்டுமானால் அரசருக்கு விசுவாச உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. விடுதலை பெற்ற நாட்டுக்காரர் அதை எப்படிக் கொடுப்பார்? சாமுவேல் சீபரி என்ற குருவானவர் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகருக்குப் போய், 1784-ல் அங்கே அபிஷேகம் பெற்றுத் திரும்பினார். 1789-ல் இந்தச் சபைக்குச் சொந்தச் சட்டமும் சொந்த ஜெபப் புத்தகமும் அமைந்தன. இப்போது இருக்கைகளில் நீங்கள் காணும் சிவப்பு ஜெபப் புத்தகம் 1979-ல் வந்தது.

நம் தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் கதீட்ரலில் பிறந்தது. அதுவும் இன்று ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் உறுப்பு. இலங்கைத் திருச்சபையும் அப்படியே. ஆகவே ஆராதனைக்குப் போய் உட்கார்ந்ததும், மொழி வேறாக இருந்தாலும் அடுத்து என்ன வரும் என்பது உங்கள் வாய்க்குத் தெரிந்திருக்கும். ஒரு விஷயம் சொன்னால் இங்குள்ளவர்களே வியப்பார்கள். ஆராதனையின் நடுவே எல்லாரும் கைகொடுத்துச் சமாதானம் சொல்லுகிறார்களே, அதை ஆங்கிலிக்கன் உலகம் மறுபடி பழகிக்கொள்ள முன்னோடியாக இருந்தவற்றில் 1950-ல் வெளிவந்த சிஎஸ்ஐ வழிபாட்டு முறையும் ஒன்று. நம் பக்கத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து சிஎஸ்ஐ எடுத்துக்கொண்ட வழக்கம் அது. கை நீட்டும்போது கூச்சப்பட வேண்டியதில்லை.

சேர்ந்துகொள்ள என்ன செய்ய வேண்டும்? மறுபடி ஞானஸ்நானம் கேட்பார்களா?

கேட்கவே மாட்டார்கள். எந்தச் சபையில் தண்ணீராலும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தாலும் ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும் அது போதும். ஊரில் பேராயர் கைவைத்துத் திடப்படுத்தல் ஆகியிருந்தால் அதையும் ஏற்றுக்கொள்வார்கள். உங்கள் சேகர குருவிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வந்தால் பெயரைப் பதிவேட்டில் எழுதுவது எளிது. கடிதம் வரத் தாமதமானாலும் திருவிருந்துக்குத் தடை இல்லை.

சபைச் சட்டத்தில் எனக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு. நல்ல நிலையிலுள்ள அங்கத்தினர் யார் என்றால், கூடி ஆராதிப்பதிலும், தேவனுடைய ராஜ்யம் பரவும்படி உழைப்பதிலும் ஜெபிப்பதிலும் கொடுப்பதிலும் கடந்த ஓராண்டு உண்மையாக இருந்தவர். ஆராதனைக்கு அடுத்ததாக உழைப்பு அங்கே நிற்கிறது, காணிக்கை கடைசியில்.

முதல் தடவை போனேன். வாசலில் சிரித்தார்கள். அப்புறம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நாம் வேண்டாதவர்களா?

இந்த வருத்தம் எனக்கும் இருந்தது. ஊரில் கோயிலுக்குள் புது முகம் வந்தால், ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் யார் மகள், எந்த ஊர், எங்கே வேலை என்பதெல்லாம் நாலு இருக்கைக்குத் தெரிந்திருக்கும். இங்கே அப்படித் துருவிக் கேட்பது மரியாதைக் குறைவு. நீங்களாகச் சொல்லட்டும் என்று அவர்கள் இருப்பார்கள், அவர்களாகக் கேட்கட்டும் என்று நீங்கள் இருப்பீர்கள். நானும் என் கணவரும் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் காருக்குப் போய், ஆறு மாதம் இப்படியே ஓட்டினோம்.

மாறியது காபி ஹவரில்தான். ஆராதனை முடிந்ததும் பக்கத்து ஹாலில் காபியும் தின்பண்டமும் வைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ பொழுதுபோக்கு மாதிரி தோன்றும். சபையின் பாதி வாழ்க்கை அங்கேதான் நடக்கிறது. யாருக்கு அறுவை சிகிச்சை, யார் மகனுக்கு வேலை போயிற்று, எந்த வீட்டில் அடுத்த வாரம் கல்யாணம் என்பதெல்லாம் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சில்தான் தெரியும். வாரம் ஒரு குடும்பம் பொறுப்பு எடுக்கும், சுவரில் பெயர் எழுதும் தாள் தொங்கும். எங்கள் முறைக்கு நான் கேசரியும் மெதுவடையும் கொண்டுபோனேன். ஒரு மூதாட்டி வடையை எப்படிச் செய்தாய் என்று கேட்டு இருபது நிமிடம் என்னை விடவில்லை. அந்த அம்மாதான் பிற்பாடு என்னைப் பீட ஊழியத்துக்கு இழுத்தவர். முந்திரி போட்ட பண்டம் என்றால் தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பார்கள்.

ஊழியம் என்பது ஆயருடைய வேலைதானே? நாம் ஏதோ கூடமாட உதவி செய்கிறோம், அவ்வளவுதானே?

1979 ஜெபப் புத்தகத்தின் பின்பகுதியில் கேள்வி பதிலாக ஒரு ஞானோபதேசம் இருக்கிறது. சபையின் ஊழியர்கள் யார் என்ற கேள்வி அதில் வருகிறது. பதிலில் நால்வர்: சபையார், பேராயர்கள், குருமார், உதவிக் குருமார். இந்த வரிசையைக் கவனியுங்கள். சபையார் முதலில். நான் அதை முதன்முதலில் வாசித்தபோது அச்சுப்பிழையோ என்று நினைத்தேன். ஊரில் "ஊழியக்காரர்" என்றால் ஆயர், உபதேசியார், மிஷனெரி. மற்ற நாமெல்லாம் சபையார், கேட்கிறவர்கள்.

இங்கே ஊழியம் ஞானஸ்நானத்தில் தொடங்குகிறது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் சபை முழுவதும் எழுந்து நின்று தன் உடன்படிக்கையைப் புதுப்பிக்கும். எல்லா மனிதரிலும் கிறிஸ்துவைத் தேடி அவருக்கு ஊழியம் செய்வாயா, உன்னைப்போல் பிறனை நேசிப்பாயா என்று கேட்பார்கள். தேவனுடைய உதவியால் செய்வேன் என்று எல்லாரும் சொல்லுவோம். சொன்ன பிறகு, ஹாலில் நாற்காலி மடக்குவதும் சிறைக்குப் போய்க் கைதியைப் பார்ப்பதும் அந்த வாக்கின் பாகம்தான். ஆகவே "ஆயருக்கு உதவி" என்ற சொல்லை விட்டுவிடுங்கள் என்று நான் எல்லாரிடமும் மன்றாடுகிறேன். அந்த எண்ணம் இருக்கிறவரை, ஆயர் கூப்பிட்டால்தான் வருவோம் என்று கடைசி இருக்கையிலேயே இருப்போம்.

என்னென்ன ஊழியங்கள் இருக்கின்றன?

வாசலில் வரவேற்பவர்கள், இடம் காட்டிக் காணிக்கை எடுப்பவர்கள், வேதபாடம் வாசிப்பவர்கள், மன்றாட்டு ஜெபம் நடத்துபவர்கள், பாடகர் குழு, சிலுவையும் மெழுகுவர்த்தியும் ஏந்திப் போகும் அக்கொலைட்டுகள், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், தோட்டம் பார்ப்பவர்கள், நோயாளிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள். ஒவ்வொரு சபையிலும் பட்டியல் கொஞ்சம் மாறும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எந்த அனுமதியும் வேண்டாம், பொறுப்பாளரிடம் பெயர் கொடுத்தால் போதும். திருவிருந்தில் பாத்திரம் கொடுப்பது, வீட்டிலிருக்கும் நோயாளிக்குத் திருவிருந்து கொண்டுபோவது, பிரசங்கிப்பது போன்ற சிலவற்றுக்கு மட்டும் பயிற்சி பெற்றுப் பேராயரின் உரிமம் வாங்க வேண்டும்.

ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல ஆசை. அது ஆல்டர் கில்ட், பீடத்தைக் கவனிக்கும் குழு. யாருக்கும் தெரியாமல் நடக்கும் வேலை. சனிக்கிழமை காலை வெறும் கோயிலுக்குப் போவோம். பீடத்தின் நிறத் துணியைக் காலத்துக்கு ஏற்ப மாற்றுவோம்: லெந்து காலத்துக்கு ஊதா, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, உயிர்த்தெழுதலுக்கு வெள்ளை, பிறகு மாதக்கணக்கில் பச்சை. அப்பம் எண்ணி வைப்போம், திராட்சரசம் ஊற்றி வைப்போம், மெழுகுவர்த்தித் திரியைக் கத்தரிப்போம். ஆராதனை முடிந்ததும் பாத்திரங்களைக் கழுவுவோம். அதற்கென்றே பல கோயில்களில் தனித் தொட்டி உண்டு. அதன் தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் நேரே மண்ணுக்குள் இறங்கும். பாத்திரம் துடைத்த வெள்ளைத் துணியை முதலில் அலசி, அந்தத் தண்ணீரை அந்தத் தொட்டியிலோ செடியடியிலோ ஊற்றிய பிறகுதான் சோப்புப் போடலாம். உதட்டுச் சாயக் கறைதான் பெரும்பாடு. ஈரம் காயுமுன் இஸ்திரி போட்டு, மூன்றாக மடித்து, திருப்பி மூன்றாக மடித்தால் ஒன்பது கட்டமாக வரும், நடுவில் தைத்த சிறு சிலுவை மேலே தெரியும்.

பெரிய வியாழன் இரவு இந்தக் குழுவின் வேலை எல்லார் கண்ணுக்கும் தெரியும். பாதம் கழுவுதலும் திருவிருந்தும் முடிந்ததும் விளக்குகளைக் குறைப்பார்கள். இருபத்திரண்டாம் சங்கீதம் வாசிக்க வாசிக்க, நாங்கள் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே கொண்டுபோவோம். பாத்திரம், விளக்கு, துணி, மெத்தை எல்லாம் போய், கடைசியில் வெறும் கல்லும் மரமும் நிற்கும். யாரும் பேசாமல் வெளியேறுவார்கள். முதல் ஆண்டு அந்தத் துணியைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தபோது என் கை நடுங்கியது. இப்போதும் நடுங்கத்தான் செய்கிறது.

என் ஆங்கில உச்சரிப்பை வைத்துக்கொண்டு எப்படி வேதபாடம் வாசிப்பேன்?

வாசியுங்கள். தாராளமாக வாசியுங்கள். அட்டவணைப்படி எந்த ஞாயிறு எந்தப் பகுதி என்பது முன்கூட்டியே தெரியும். வீட்டில் மூன்று தடவை சத்தமாக வாசித்துப் பாருங்கள், மைக்கில் நிறுத்தி நிதானமாக வாசியுங்கள். நம்மவர்கள் செய்யும் ஒரே தவறு வேகம். பழைய ஏற்பாட்டுப் பெயர்களில் இங்கே பிறந்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். நமக்கோ நெபுகாத்நேச்சாரும் மேவிபோசேத்தும் சிறுவயதிலிருந்தே பழக்கம்.

பெந்தெகொஸ்தே ஞாயிறன்று அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரத்தைப் பல மொழிகளில் வாசிக்கும் வழக்கம் பல சபைகளில் உண்டு. உங்கள் சபையில் தமிழ் கேட்காவிட்டால் நீங்களே போய்க் கேளுங்கள். நான் தமிழில் வாசித்த ஆண்டு, ஸ்பானியமும் பிரெஞ்சும் நைஜீரியாவின் ஈபோவும் ஒரே நேரத்தில் ஒலித்தன. என் சின்ன மகள் அன்றுதான் தமிழ் கோயிலுக்குள் பேசத்தக்க மொழி என்று கண்டுகொண்டாள்.

பிள்ளைகளை எதில் சேர்க்கலாம்?

எட்டு ஒன்பது வயதிலிருந்தே அக்கொலைட்டாகச் சேர்க்கும் சபைகள் உண்டு. முதலில் மெழுகுவர்த்தி ஏந்துவார்கள், வளர்ந்தபின் சிலுவை, தூபம் காட்டும் சபையாக இருந்தால் பிறகு தூபக்கலசம். நம் ஊரில் சிஎம்எஸ் என்ற இங்கிலாந்து மிஷன் சங்கத்தின் வழி வந்த சபைகளுக்குத் தூபம் புதிதாக இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆடாகவும் நட்சத்திரமாகவும் எல்லாப் பிள்ளைக்கும் வேஷம் உண்டு. அக்டோபர் 4, புனித பிரான்சிஸ் நாளை ஒட்டி நாய், பூனை, ஆமை வரை கொண்டுவந்து ஆசீர்வாதம் வாங்குவார்கள். பிள்ளைகள் கோயிலை நேசிக்கத் தொடங்குவது பெரும்பாலும் அந்த நாளில்தான்.

ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கக் கேட்டேன். போலீஸ் பதிவு பார்க்க வேண்டும் என்கிறார்கள். என்னைச் சந்தேகப்படுகிறார்களா?

உங்களை மட்டும் கேட்கவில்லை. பிள்ளைகளோடோ முதியோரோடோ ஊழியம் செய்கிற எல்லாருக்கும், ஆயர் உட்பட, பின்னணிச் சோதனையும் பாதுகாப்புப் பயிற்சியும் உண்டு. ஒரு பெரியவர் தனியாக ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் இருக்கக்கூடாது, எப்போதும் இரண்டு பெரியவர்கள் வேண்டும். திருச்சபைகளில் பிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமைகள் வெளியே வந்த பிறகு உண்டான விதிகள் இவை. "நம்ம ஆளுதானே" என்று விட்ட இடத்தில்தான் கேடு நடந்தது. இந்தக் கண்டிப்பை நம் ஊர்ச் சபைகளும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வெஸ்ட்ரி என்றால் என்ன? சேகரக் கமிட்டி மாதிரியா?

மாதிரிதான், ஆனால் அதிகாரம் கூடுதல். ஆண்டுக் கூட்டத்தில் சபையார் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழு இது. பல சபைகளில் பதவிக்காலம் மூன்று ஆண்டு, ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கு பேர் மாறுவார்கள். ஆயரை இங்கே ரெக்டர் என்பார்கள். கூட்டத்துக்கு அவர் தலைமை தாங்குவார். இரண்டு வார்டன்கள் இருப்பார்கள்: மூத்தவர் பெரும்பாலும் ரெக்டருக்கு வலதுகை, இளையவர் கட்டடத்துக்குப் பொறுப்பு. கூரை ஒழுகினால் அவருக்குத்தான் இரவில் போன் வரும்.

பெரிய வேறுபாடு ஆயரைத் தேடுவதில். ஊரில் பேராயர் உத்தரவு வரும், பழைய ஆயர் வீட்டுச் சாமான் ஏறும், புதியவர் சாமான் இறங்கும். இங்கே ரெக்டர் ஓய்வு பெற்றால் சபையே தேட வேண்டும். தேடல் குழு அமைத்து, தங்கள் சபை எப்படிப்பட்டது என்று உண்மையாக எழுதி, விண்ணப்பித்தவர்களோடு பேசி, அவர்கள் பிரசங்கத்தைக் கேட்டு, கடைசியில் வெஸ்ட்ரி தேர்ந்தெடுத்துப் பேராயரின் சம்மதம் பெறும். ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். சொந்தக் காலில் நிற்க முடியாத சிறு சபைகளுக்கு மட்டும் பேராயரே குருவை அனுப்புவார்.

இதன் காரணம் வரலாற்றில் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சி இருந்த காலம் முழுவதும் அமெரிக்க மண்ணில் ஆங்கிலிக்கன் பேராயர் ஒருவர்கூட இல்லை. கடல் தாண்டி லண்டன் பேராயர் பெயரளவில் மேற்பார்வை பார்த்தார். கோயில் கட்டுவது, குருவுக்குச் சம்பளம் கொடுப்பது, ஏழைகளைக் கவனிப்பது எல்லாம் உள்ளூர் வெஸ்ட்ரிகளின் தலையில் விழுந்தன. ஜார்ஜ் வாஷிங்டன் 1762-ல் வர்ஜீனியாவின் ட்ரூரோ சபையில் வெஸ்ட்ரி உறுப்பினரானார். பேராயர் வருவதற்கு முன்பே சபையாருக்கு நிர்வாகம் பழகிவிட்டது. அந்தப் பழக்கம் மேல் மட்டத்திலும் தொடர்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூடும் பொது மாநாட்டில் பேராயர்கள் ஒரு அவை, குருமாரும் சபையாரும் சேர்ந்த பிரதிநிதிகள் இன்னொரு அவை. இரண்டும் சம்மதித்தால்தான் தீர்மானம் நிறைவேறும்.

வெஸ்ட்ரிக்கு நிற்கச் சொன்னால் நில்லுங்கள். ஆனால் சேர்ந்த முதல் ஆண்டிலேயே வேண்டாம். சபையாரின் முகங்களும் பழைய காயங்களும் தெரிந்த பிறகு போனால் வாயைத் திறக்க வேண்டிய இடம் தெரியும்.

பணம் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

ஊரில் சங்கக் காணிக்கை மாதிரி இங்கே "பிளெட்ஜ்" உண்டு. அடுத்த ஆண்டு எவ்வளவு கொடுக்க எண்ணுகிறீர்கள் என்று இலையுதிர் காலத்தில் ஒரு அட்டையில் எழுதிக் கொடுப்பீர்கள். தொகையைத் தீர்மானிப்பது நீங்களே. அதை வைத்துத்தான் வெஸ்ட்ரி வரவுசெலவு போடும். வேலை போனால் பொருளாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிக் குறைத்துக்கொள்ளலாம், அது கடன் அல்ல. விசாவில் இருப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள். கொடுக்க முடியவில்லையே என்று வெட்கப்பட்டுக் கோயிலுக்கே வராமல் போன ஒரு தம்பியை எனக்குத் தெரியும்.

என் பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள், மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். இங்கே எப்பிஸ்கோப்பல் பெண்கள் 1889-லிருந்து நடத்தும் நன்றிக் காணிக்கை ஒன்று இருக்கிறது. வீட்டில் ஒரு சின்ன நீலப் பெட்டி. நன்றி சொல்லத் தோன்றும்போதெல்லாம் ஒரு நாணயம். முதல் காணிக்கையில் அலாஸ்காவின் ஆன்விக் என்ற ஊரில் கோயில் எழுந்தது, ஜப்பானுக்கு ஒரு பெண் மிஷனெரி போனார். நீலப் பெட்டியை முதன்முதலில் கையில் வாங்கியபோது எனக்குப் பாட்டியின் கலயம்தான் கண்ணில் நின்றது.

ஏழைகளுக்கு என்ன செய்கிறார்கள்? நமக்குள்ளேயே காபி குடித்துக்கொண்டிருப்பதுதானா?

இது நல்ல கேள்வி, கேட்க வேண்டிய கேள்வி. நியூயார்க்கின் செல்சி பகுதியில் ஹோலி அப்போஸ்தல்ஸ் என்ற எப்பிஸ்கோப்பல் கோயில் 1982-ல் பசித்தவர்களுக்குச் சாப்பாடு போடத் தொடங்கியது. 1990-ல் கோயில் தீப்பிடித்தது. திரும்பக் கட்டியபோது இருக்கைகளைப் பழையபடி பொருத்தாமல் விட்டுவிட்டு, ஆராதனை நடக்கும் அந்த இடத்திலேயே மேசை போட்டுப் பரிமாறினார்கள். நாளுக்கு ஆயிரம் பேருக்கும் மேல் அங்கே உண்டிருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவின் நிசா புனித கிரகோரி கோயிலில் 2000-ல் தொடங்கிய உணவு விநியோகத்தில் காய்கறியும் ரொட்டியும் பீடத்தைச் சுற்றியே அடுக்கி வைக்கப்பட்டன. திருவிருந்து கொடுக்கும் அதே இடத்தில் கேரட்டும் உருளைக்கிழங்கும். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு, நியூயார்க்கில் இடிந்த கோபுரங்களுக்கு எதிரே தப்பி நின்ற, 1766-ல் கட்டிய புனித பவுல் சிற்றாலயம் எட்டு மாதத்துக்கும் மேலாக மீட்புப் பணியாளர்களுக்கு இரவும் பகலும் திறந்திருந்தது. தன்னார்வலர்கள் சோறு போட்டார்கள், படுக்க இடம் கொடுத்தார்கள், வெந்துபோன பாதங்களுக்கு மருந்திட்டார்கள்.

எங்கள் சபை சின்னது. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் மளிகைப் பொருள் கொடுக்கிறோம். ஆரம்பத்தில் பையைக் கட்டி நீட்டிக்கொண்டிருந்தோம். இப்போது கடை மாதிரி அடுக்கி வைத்து, வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறோம். யாரும் சம்பளச் சீட்டுக் கேட்பதில்லை. என் அபிப்பிராயம் இது: வரிசையில் நிற்பவர்களையும் ஊழியத்துக்குக் கூப்பிட வேண்டும். எங்களிடம் பெட்டி இறக்குகிறவர்களில் பாதிப்பேர் முதலில் அரிசி வாங்க வந்தவர்கள்.

நிற வேறுபாடு பார்ப்பார்களா?

சில இடங்களில், சில வேளைகளில், உண்டு. பொய் சொல்ல மாட்டேன். ஒரு தடவை ஹாலில் நான் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது, சபை உறுப்பினர் ஒருவர் என்னைக் கூலிக்கு வந்தவள் என்று நினைத்து உத்தரவு போட்டார். வீட்டுக்கு வந்து அழுதேன். ரெக்டரிடம் சொன்னேன். அவர் மழுப்பாமல் கேட்டார், அந்த மனிதரிடமும் பேசினார். அந்த மனிதரே என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். நான் மன்னித்தேன், ஆனால் சில மாதம் பிடித்தது.

சபைக்கே இந்தப் பாவத்தில் நீண்ட பங்கு உண்டு. அடிமையாயிருந்து விடுதலை பெற்ற அப்சலோம் ஜோன்ஸ் பிலடெல்பியாவில் கறுப்பின மக்களின் சபையை 1794-ல் எப்பிஸ்கோப்பல் சபையோடு இணைத்தார். இந்தச் சபையின் முதல் கறுப்பினக் குருவும் அவரே. ஆனால் அந்தச் சபையார் பேராய மாநாட்டில் உட்காரப் பல பத்தாண்டுகள் இடம் கிடைக்கவில்லை. இப்போது ஆண்டுதோறும் பிப்ரவரி 13-ஐ அவருடைய நினைவுநாளாகச் சபை அனுசரிக்கிறது. சாதி பார்த்துக் கோயிலில் இடம் பிரித்த வரலாறு நமக்கும் இருக்கிறதால், இதை வெளியிலிருந்து பார்த்துக் குறைசொல்ல எனக்கு வாய் வருவதில்லை. மனம் புண்பட்டால் பேசாமல் விலகிவிடாதீர்கள். சொல்லுங்கள்.

பெண் குருமார் உண்டாமே? ஒரே பாலினத்தார் திருமணமும் செய்து வைப்பார்களாமே?

இரண்டும் உண்மை. பெண்களைக் குருவாக்க 1976 பொது மாநாடு சம்மதித்தது. ஆங்கிலிக்கன் ஐக்கியம் முழுவதிலும் முதல் பெண் பேராயர் பார்பரா ஹாரிஸ் 1989-ல் பாஸ்டனில் அபிஷேகம் பெற்றார். ஒரே பாலினத்தார் திருமணத்துக்கு 2015-ல் மாநாடு வழி திறந்தது. இதில் உங்கள் மனச்சாட்சி வேறாக இருந்தால் அதற்காக யாரும் உங்களைத் துரத்த மாட்டார்கள். ஆனால் உங்கள் பக்கத்தில் நின்று பாத்திரம் துடைப்பவர் அப்படிப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம், அவரைச் சகோதரராக நடத்த வேண்டும். என் மகளின் திடப்படுத்தல் வகுப்பை நடத்தியவர்கள் அப்படி ஒரு தம்பதிதான். அவள் வேதத்தை நேசிப்பதற்கு நான் அவர்களுக்குக் கடன்பட்டவள்.

எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். இப்போது மூச்சுமுட்டுகிறது. எப்படி விடுவது?

சொல்லிவிட்டு விடுங்கள். ஒரு மாதம் முன்னதாகச் சொன்னால் ஆள் பார்த்துக்கொள்வார்கள். நம்மவர்களுக்கு "முடியாது" என்ற சொல் வாயில் வராது. சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பிறகு வராமல் இருந்துவிடுவோம், அது இவர்களை மிகவும் குழப்பும். ஓராண்டு ஒன்றிரண்டு ஊழியம் போதும். சம்பளமே வாங்காமல், பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு உதவிக் குருவாக இருப்பவர்களும் இங்கே நிறைய உண்டு. அவர்களே ஓய்வு எடுக்கிறார்கள்.

நமக்கு ஒரு கஷ்டம் வந்தால் இவர்கள் வருவார்களா? ஊர் மாதிரி இருக்குமா?

நான்கு ஆண்டுக்கு முன் அம்மா ஊரில் இறந்தபோது எனக்கு விமானம் கிடைக்கவில்லை. அடக்கத்தைப் போனில்தான் பார்த்தேன், இங்கே நடு இரவு. ஆல்டர் கில்ட் தலைவிக்கு மட்டும் ஞாயிறு வர முடியாது என்று செய்தி அனுப்பினேன். காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். அவரும் இன்னும் இரண்டு பேரும். துக்க வீட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை, என்னைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கவும் தெரியவில்லை. ஒருவர் சமையலறைக்குப் போய்த் தேநீர் போட்டார். ஒருவர் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனார். இரண்டு வாரம் தினம் ஒரு வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது, காரமே இல்லாத சாப்பாடு. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

அடுத்த ஞாயிறு மன்றாட்டு ஜெபத்தில் அம்மாவின் பெயரை வாசித்தார்கள். வாசிக்கிறவர் முந்தின நாள் எனக்குப் போன் செய்து, அந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல ஐந்தாறு தடவை பழகிக்கொண்டிருந்தார்.

சரி, இந்த ஞாயிறு போகிறேன். எங்கே தொடங்க?

பத்து நிமிடம் முன்னதாகப் போய் வாசலில் நிற்பவரிடம் உங்கள் பெயரைச் சொல்லுங்கள், அவர் பெயரையும் கேளுங்கள். கடைசி இருக்கை வேண்டாம், நடுவில் உட்காருங்கள். முடிந்ததும் காருக்குப் போகாமல் ஹாலுக்குப் போங்கள். காபியைக் குடித்துவிட்டுக் கோப்பையைச் சமையலறைக்குக் கொண்டுபோனால் அங்கே யாராவது கையில் சோப்பு நுரையோடு நிற்பார்கள். பக்கத்தில் துடைக்கும் துணி தொங்கும். அதை எடுத்துக்கொள்ளுங்கள்.